நியூயார்க்கின் டாஃபடில் நடவு

நியூயார்க் நகரத்தில் மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய மஞ்சள் டாஃபடில் பூக்கும். பெரிய பூங்காக்களில் மட்டுமல்லாமல் பள்ளி முற்றங்களிலும், நடைபாதை மரங்களின் அடியிலும், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே எஞ்சிய சிறு சமூகத் தோட்டங்களிலும் அதைப் பார்க்கலாம். 2001க்குப் பிறகு பொதுமக்கள் கூலி வாங்காமல், தாங்களே குழி தோண்டி, பல பத்து லட்சம் கிழங்குகளை இப்படி ஊன்றியிருக்கிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டதில் நியூயார்க்கில் மட்டும் 2,700க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களின் நினைவாகத் தொடங்கிய நடவு 'டாஃபடில் திட்டம்' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. 2007இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் டாஃபடிலை நகரத்தின் அதிகாரபூர்வ மலராக அறிவித்தார்.

இந்தக் கதையை 2001இல் தொடங்குவது வழக்கம். ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு பூங்காவுக்கு வந்தது திடீரென்று நிகழ்ந்ததல்ல. நகராட்சி கைவிட்ட நிலத்தை மக்கள் எடுத்துப் பேணும் பழக்கம் அங்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக வேர்விட்டிருந்தது. கிழங்கைப் பரிசாகவும் நினைவாகவும் நடும் வழக்கமோ அதைவிடப் பழையது.

முதலில் கிழங்கைப் பற்றி. டாஃபடில் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் வெங்காயத்தைப் போலவே அடுக்கடுக்கான இதழ்கள் தெரியும். அவை செடி சேமித்து வைத்த உணவு. அவற்றின் நடுவில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு நுண்ணிய உருவில் ஏற்கெனவே அமைந்திருக்கும். கோடையில் கிழங்கு மண்ணுக்குள் உறங்குவது போலத் தோன்றும் மாதங்களில்தான் அந்த மொட்டு உருவாகிறது. ஆகவே அக்டோபரிலோ நவம்பரிலோ கிழங்கை ஊன்றுகிறவர் ஒரு பூவைத்தான் மண்ணுக்குள் வைக்கிறார். அதை வெளியே வரவைக்க எருவைவிடக் குளிரே முக்கியம். ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் மண் குளிர்ந்து கிடந்தால்தான் தண்டு நீண்டு மலரும். முதல் உறைபனி மண்ணை இறுக்குவதற்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். அதனால்தான் நடவுக் காலம் இலையுதிர்காலத்தின் அந்தச் சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கிலப் பாடநூலில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை மனப்பாடம் செய்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையினர் அந்தப் பூவைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்ததற்கும் காரணம் இதுதான். சமவெளியின் வெப்பத்தில் அந்தக் கிழங்குக்கு வேண்டிய குளிர்காலம் கிடைப்பதில்லை.

நடுகிற முறை எளிது. கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதாவது சுமார் 15 சென்டிமீட்டர், குழி பறிக்க வேண்டும். ஒரு சாணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கூர்நுனி மேலே, வேர்த்தட்டு கீழே இருக்கும்படி வைத்து மண்ணை மூடி மிதிக்க வேண்டும். தவறித் தலைகீழாக வைத்தாலும் பெரும்பாலும் முளை தானே வளைந்து மேலே வந்துவிடும். களை எடுத்தல், கவாத்து, ஒட்டுக் கட்டுதல் போன்ற தோட்ட வேலைகளுக்குப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். தவறு செய்தால் செடி பட்டுப்போகும். கிழங்கு நடுவதை ஆறு வயதுக் குழந்தைக்கும் அறுபது வயது வங்கி ஊழியருக்கும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். நட்டபின் தினமும் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் ஐம்பது பேர் கூடி ஆயிரக்கணக்கான கிழங்குகளை ஊன்றிவிட்டுக் கலைந்துபோகலாம்; மிச்ச வேலையைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். தன்னார்வலர்களின் உழைப்புக்கு இவ்வளவு பொருத்தமான நடவு தோட்டக்கலையில் வேறொன்று இருப்பதாகச் சொல்ல முடியாது.

கிழங்குப் பூக்களில் நியூயார்க்குக்கு டாஃபடில் ஏற்றதாக அமைந்ததற்கு இன்னொரு காரணம் அதன் நஞ்சு. லைகோரின் என்ற வேதிப்பொருளும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் அதன் கிழங்கிலும் இலையிலும் உண்டு. பூங்காக்களில் திரியும் சாம்பல் அணில்கள் டியூலிப், குரோக்கஸ் கிழங்குகளைத் தோண்டித் தின்றுவிடும், டாஃபடிலைத் தொடுவதில்லை. டியூலிப் பூங்காப் பாத்திகளில் முதல் வசந்தத்தில் செழித்துப் பூத்து அடுத்தடுத்த ஆண்டுகளில் மங்கிவிடுவதால், நகரத் தோட்டங்களில் அதைப் பூத்ததும் பிடுங்கிவிட்டு ஆண்டுதோறும் புதிதாக நடுவதே வழக்கம். டாஃபடில் அப்படியல்ல. பிடித்த இடத்தில் பக்கக் கிழங்குகள் விட்டுப் பெருகும். இலையுதிர் மரங்களின் அடியிலும் வளரும், ஏனென்றால் ஓக்கும் பிளேனும் இலை விட்டு நிழல் கட்டுவதற்கு முன்பே அது வெயில் குடித்துப் பூத்து முடித்துவிடும். இலைகள் பழுக்கும்வரை, சுமார் ஆறு வாரம், யாரும் அறுக்காமல் விட்டுவைத்தால் போதும். அந்த ஆறு வாரத்தில்தான் அடுத்த ஆண்டு மொட்டுக்கான உணவு கிழங்கில் சேர்கிறது.

டாஃபடிலின் காட்டு இனங்கள் ஸ்பெயின், போர்ச்சுக்கல், மேற்கு மத்தியதரைக்கடல் ஓரங்களைச் சேர்ந்தவை. ஓரினம் இங்கிலாந்தின் காடுகளிலும் தானாக வளர்கிறது. டியூலிப்பின் தாயகம் மத்திய ஆசிய மலைகள். ஒட்டோமான் தோட்டங்களில் பெருமைபெற்ற அது 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவுக்கு வந்தது. 1593இல் தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத் தோட்டப் பொறுப்பை ஏற்றபோது தம் கிழங்குத் தொகுப்பையும் கொண்டுபோனார். மறுவசந்தத்தில் அங்கே டியூலிப் பூத்தது. லைடனுக்கும் ஹார்லெமுக்கும் நடுவில், கடற்கரை மணற்குன்றுகளின் பின்னால், தண்ணீர் தேங்காத மணற்பாங்கான நிலம் இருந்தது. வாய்க்கால்களால் நீர்மட்டத்தை விரலளவு துல்லியமாகக் கட்டுப்படுத்தவும் முடிந்தது. கிழங்கு அழுகாமல் பெருக அதைவிட நல்ல நிலம் கிடையாது. 1636–37இல் டியூலிப் கிழங்கின் விலை வெறிபிடித்து ஏறிச் சரிந்த கதையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்தக் கொந்தளிப்பு அடங்கியபின் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகப் பொறுமையாக வளர்ந்த தொழில்தான் உலகத்துக்குக் கிழங்கு கொடுத்தது. அதுவே அதிகம் பேசத் தகுந்தது.

இங்கிலாந்தில் டாஃபடில் ஒரு காலத்தில் அலட்சியத்துக்கு ஆளான நாட்டுப்பூ. அதை மீட்டதில் வில்லியம் ராபின்சன் என்ற அயர்லாந்துக்காரருக்குப் பங்கு உண்டு. 1870இல் வெளிவந்த 'தி வைல்டு கார்டன்' என்ற நூலில் அவர், கிழங்குகளைப் பாத்தியில் வரிசையாக நடாமல் புல்வெளியிலும் மரத்தடியிலும் சிதறலாக நட்டு, காட்டில் முளைத்ததைப் போல விட்டுவிடும்படி வற்புறுத்தினார். கைநிறையக் கிழங்கை வீசியெறிந்து விழுந்த இடத்தில் ஊன்றும் பழக்கம் அந்தப் பாணியிலிருந்து பிறந்தது. பொதுப்பூங்காவில் பழக்கமில்லாதவர்கள் நடுவதற்கு இது வரமாக அமைந்தது. கயிறு பிடித்துக் கோடு போட்டு நட்டால் ஒரு கிழங்கு தவறினாலும் கண்ணை உறுத்தும். சிதறலில் தவறு என்பதே இல்லை.

இறந்தவருக்காக டாஃபடில் நடுவதற்கும் அங்கேயே முன்மாதிரி உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் மகள் டோரா 1847இல் இறந்தார். ரைடல் கிராமத்துத் தேவாலயத்தை ஒட்டி அவருக்குச் சொந்தமான நிலம் ஒன்று இருந்தது. துயரத்தில் இருந்த கவிஞரும் மனைவி மேரியும் அதில் நூற்றுக்கணக்கான டாஃபடில் கிழங்குகளை நட்டார்கள். இன்று அது டோராவின் வயல் என்ற பெயரில் யாரும் நடந்து செல்லக்கூடிய இடமாக இருக்கிறது. பெற்றோர் இருவரின் அந்தரங்கத் துக்கம் பொதுவெளியாக மாறியதற்கு இதைப் போன்ற எடுத்துக்காட்டுகள் குறைவு.

நாடுகளுக்கிடையே நன்றியைச் சொல்லவும் கிழங்கு பயன்பட்டது. இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்துக்கொண்டபோது இளவரசி யூலியானா கனடாவின் ஒட்டாவாவில் தஞ்சம் புகுந்தார். அங்கே 1943 ஜனவரியில் அவருக்கு மகள் மார்கிரீட் பிறந்தார். 1944–45 குளிர்காலத்தில் டச்சு நகரங்களில் பஞ்சம் தலைவிரித்தாட, மக்கள் நடுவதற்கு வைத்திருந்த டியூலிப் கிழங்குகளை வேகவைத்துத் தின்றார்கள். அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் அதே நாடு ஒட்டாவாவுக்கு ஒரு லட்சம் கிழங்குகளை அனுப்பியது. தஞ்சம் கொடுத்ததற்கும், விடுதலைப் போரில் உயிர்விட்ட கனடியப் படையினருக்கும் செய்த கைம்மாறு அது. ஆண்டுதோறும் பரிசு வருவது நின்றுவிடவில்லை. 1953 முதல் ஒட்டாவாவில் டியூலிப் திருவிழா நடக்கிறது. 2001இல் நியூயார்க்குக்குப் பரிசாக வந்த டச்சுக் கிழங்குகள் இந்த மரபின் தொடர்ச்சியே.

நியூயார்க்கின் பொதுவெளிகளில் வசந்தக் கிழங்குகளைப் பெருமளவில் கொண்டுவந்தவர் மேரி லாஸ்கர். மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் திரட்டியதற்காகப் புகழ்பெற்ற அவர் செல்வந்தர். பூக்களின் மேல் தீராத பற்றுக்கொண்டவர். 1950களின் நடுவில் பார்க் அவென்யூவின் நடுத்திட்டில் டியூலிப் நடத் தம் பணத்தைக் கொடுத்தார். வண்டிப்புகை சூழ்ந்த சாலையில் பூ நிற்காது என்று சொன்னவர்களுக்கு அந்தப் பாத்திகளே பதிலாயின. 1965இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் தலைநகர் வாஷிங்டனை அழகுபடுத்தக் குழு அமைத்தபோதும் லாஸ்கர் முன்னணியில் நின்றார். போடோமாக் ஆற்றிலுள்ள கொலம்பியா தீவில் பத்து லட்சம் டாஃபடில் நடப்பட்டது. 1968இல் தீவுக்கு லேடி பேர்டின் பெயரையே சூட்டினார்கள். அந்தக் குழுவுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது, அது கவனிக்கத்தக்கது. எல்லோர் கண்ணிலும் படும் பெருஞ்சாலைகளிலும் நினைவுச்சின்னங்களின் அருகிலும் பூவைக் குவிக்க வேண்டும் என்றது லாஸ்கரின் தரப்பு. குழுவின் மற்றோர் உறுப்பினரான வால்டர் வாஷிங்டனைச் சார்ந்த தரப்போ ஏழைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளையும் பள்ளிகளையும் சீர்ப்படுத்தி, அந்தந்தத் தெருவாசிகளையே வேலையில் சேர்க்க விரும்பியது. பின்னாளில் நியூயார்க்கில் நிலைத்தது இரண்டாவது வழியே.

அதற்கு வறுமைதான் வழி திறந்தது. 1970களில் நியூயார்க் நகராட்சியின் கஜானா காலியாயிற்று. 1975இல் திவாலின் விளிம்புவரை போயிற்று. பூங்கா ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் குறைக்கப்பட்டார்கள். சென்ட்ரல் பார்க்கின் புல்வெளிகள் புழுதித் திடல்களாயின. மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடிலும் தென் பிராங்ஸிலும் வாடகைக் கட்டடங்களை உரிமையாளர்கள் கைவிட்டார்கள், பல தீக்கிரையாயின. இடிபாடும் குப்பையும் நிறைந்த வெற்று மனைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 1973இல் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் அப்படியொரு மனையை லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் சுத்தப்படுத்தினார்கள். தங்களைப் பசுமைக் கெரில்லாக்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். வேலி போட்டு அடைத்த மனைகளுக்குள் விதையும் உரமும் கலந்த உருண்டைகளை எறிவதும் அவர்களுடைய வேலைமுறை. மூலை மனையில் நல்ல மண் கொட்டி மேட்டுப்பாத்திகள் அமைத்தார்கள். 1974இல் நகராட்சி அதை மாதம் ஒரு டாலருக்கு அவர்களுக்கு வாடகைக்கு விட்டது. 1985இல் கிறிஸ்டி இறந்தபின் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு டாலர் வாடகை என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பொதுநிலத்தைக் கைவைத்துத் திருத்தியவர்களுக்கு அதில் ஓர் உரிமை உண்டு என்று நகராட்சி ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அக்கம்பக்கத்துத் தெருக்களில் இதே போன்ற தோட்டங்கள் பெருகின. 1978இல் நகராட்சியே கிரீன்தம் என்ற திட்டத்தைத் தொடங்கி, அத்தகைய குழுக்களுக்குக் குத்தகையும் மண்ணும் கருவிகளும் கொடுக்க முன்வந்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர்க் காய்கறிகளை அங்கே விளைவித்தார்கள். கிழங்குப் பூக்கள் ஓரப்பாத்திகளில் இடம்பிடித்தன. நீண்ட பனிக்காலத்துக்குப் பின் வேலிக்குள் முதலில் தலைகாட்டும் செடி அவைதான் என்பதால், மனைக்குக் காவலர் உண்டு என்பதை வழிப்போக்கருக்கும் நகராட்சிக்கும் சொல்லும் அறிவிப்பாகவும் அவை பயன்பட்டன.

பெரிய பூங்காக்களிலும் மாற்றம் வந்தது. 1980இல் எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் முன்னின்று சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி அமைப்பை உருவாக்கினார். நன்கொடையும் தன்னார்வ உழைப்பும் சேர்ந்து பூங்காவை மீட்கத் தொடங்கின. 105ஆம் தெருவருகே ஐந்தாம் அவென்யூவை ஒட்டியுள்ள கன்சர்வேட்டரி தோட்டம் அப்போது பாழாகி, நுழையவே பலர் அஞ்சும் இடமாக இருந்தது. ராஜர்ஸ் அதைச் சீரமைக்கும் பொறுப்பை லிண்டன் மில்லரிடம் ஒப்படைத்தார். மில்லரும் ஓவியர்தான், வண்ணங்களைத் துணியில் தீட்டுவதிலிருந்து மண்ணில் தீட்டுவதற்கு மாறியவர். 1987இல் அந்தத் தோட்டம் மீண்டும் திறக்கப்பட்டது. வசந்தத்தில் அங்கே பூக்கும் டியூலிப் மட்டும் இருபதாயிரம். அழகாகப் பேணப்படும் பொதுவிடத்தை மக்கள் சிதைக்க மாட்டார்கள், காப்பாற்றுவார்கள் என்பது மில்லர் தம் வாழ்நாள் வேலையால் நிலைநாட்டிய கருத்து. அங்கே ஏழைக் கிழக்கு ஹார்லெமும் பணக்கார ஐந்தாம் அவென்யூவும் ஒரே வாயில்வழி உள்ளே வந்தன. பாத்திகள் நிலைத்தன.

1999இல் சமூகத் தோட்டங்களுக்குச் சோதனை வந்தது. நகரம் மீண்டும் செழித்திருந்தது, மனை விலை ஏறியிருந்தது. மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலம் விட முடிவு செய்தது. தோட்டக்காரர்கள் ஊர்வலம் போனார்கள், வழக்குத் தொடுத்தார்கள், கைதானார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் ரெஸ்டோரேஷன் பிராஜெக்டும் சேர்ந்து 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கிக் காப்பாற்றின. ஒருகாலத்தில் யாரும் சீந்தாத மனைகளுக்கு மதிப்பு வந்ததில் இருபத்தைந்து ஆண்டுக் கூலியில்லா உழைப்பின் பங்கும் உண்டு. அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காத ஏலத்தை அநியாயம் என்று அவர்கள் எதிர்த்தது சரியே. அந்தப் போராட்டத்தில் உருவான தெருவளவு பிணைப்புகளும் தொலைபேசிப் பட்டியல்களும் கலைந்துபோகாமல் இருந்தன.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் கோபுரங்கள் விழுந்தன. அந்தச் செப்டம்பரில் நகரத்தில் இரத்ததானத்துக்கு வரிசை நின்றது. கொடுக்கத் தயாராயிருந்தவர்கள் பலருக்குச் செய்ய வேலை கிடைக்கவில்லை. அப்போதுதான் ஹான்ஸ் வான் வார்டன்பர்க் என்ற டச்சுக் கிழங்கு வணிகர் மில்லருக்கு எழுதினார். நியூயார்க்குக்குத் தம்மால் கொடுக்க முடிந்தது டாஃபடில் கிழங்குதான். அதைப் பரிசாக அனுப்புவதாகச் சொன்னார். ராட்டர்டாம் நகரமும் கைகொடுத்தது. அந்த நகரத்தின் மையப்பகுதி 1940 மே மாதம் ஜெர்மன் விமானக் குண்டுவீச்சில் ஒரே நாளில் அழிந்து மீண்டும் எழுந்தது என்பதை நினைத்தால், அந்த உதவியின் கனம் புரியும். நகரப் பூங்காத் துறையும், இன்று நியூயார்க்கர்ஸ் ஃபார் பார்க்ஸ் என்ற பெயரிலுள்ள பூங்கா ஆதரவு அமைப்பும் விநியோகத்தை ஏற்றன.

காலம் தானாகப் பொருந்தி வந்தது. சம்பவம் நடந்து ஆறேழு வாரத்தில் நடவுக் காலம். பரோ எனப்படும் ஐந்து நகரப் பிரிவுகளிலும் பள்ளிப் பிள்ளைகள், சாரணர்கள், அலுவலகக் குழுக்கள், சமூகத் தோட்டக்காரர்கள், தனியாக வந்தவர்கள் என ஆயிரக்கணக்கானோர் குழி தோண்டினார்கள். கல்லில் பெயர் செதுக்கும் நினைவுச்சின்னத்துக்கு இடம், வடிவம், யார் பெயர் முதலில் என்ற வாதங்களெல்லாம் எழும். இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்தின் நினைவகம் 2011இல்தான் திறக்கப்பட்டது. டாஃபடில் நினைவுச்சின்னமோ 2002 வசந்தத்திலேயே நகரம் முழுக்கப் பூத்துவிட்டது. யாருடைய அனுமதிச் சண்டைக்கும் அது காத்திருக்கவில்லை. இறந்தவர்களில் தீயணைப்பு வீரர்களும் பாத்திரம் கழுவியவர்களும் நிதி நிறுவன மேலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த தெருக்கள் நகரமெங்கும் பரந்திருந்தன. நினைவும் அப்படியே பரந்தது சரியான முறை என்று தோன்றுகிறது.

ஒரு முறையோடு முடிந்திருந்தால் இது செய்தித்தாள் செய்தியாகப் போயிருக்கும். பொதுவிடத்தில் நடத் தன்னார்வலர்கள் இருக்கும்வரை ஆண்டுதோறும் கிழங்கு அனுப்புவதாக வான் வார்டன்பர்க் வாக்களித்ததுதான் இதை வழக்கமாக்கியது. கோடை முடியும் தறுவாயில் குழுக்கள் பெயர் பதிவு செய்யும். இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு பரோவிலும் குறித்த நாளில் கிழங்கு மூட்டைகள் வந்திறங்கும். பதிவு செய்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். விலை கிடையாது. நிபந்தனை ஒன்றே: நடுகிற இடம் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுவிடமாக இருக்க வேண்டும். வீட்டின் பின்கட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. பூங்காத் துறை ஆட்கள் முன்கூட்டியே இடத்தைக் குறித்துக் கொடுப்பார்கள், நிலத்தடிக் குழாய்களும் பெரிய வேர்களும் இல்லாத இடமாகப் பார்த்து. மண்ணைத் தோண்டினால் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் வருவது நியூயார்க்கில் வாடிக்கை, கையுறை கட்டாயம். டாஃபடில் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிப்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

நடைபாதை மரங்களின் சதுரக்குழிகள் இந்த நடவில் தனி இடம் பெற்றன. 2007 முதல் 2015 வரை நகரம் பத்து லட்சம் மரம் நடும் இயக்கத்தை நடத்தியது. அதனால் தெருவோரம் புதிய குழிகள் ஏராளமாக உருவாயின. ஒரு கட்டடத்தின் வாயிற்காவலரும் எதிர்க்கடைக்காரரும் சேர்ந்து அந்தக் குழியில் பத்துப் பதினைந்து கிழங்கு ஊன்றினால் போதும், அதன்பின் நாய்களை அங்கே விடாதபடியும் குப்பை போடாதபடியும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கோடையில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள் பழக்கமாகிவிடும்.

நடவில் குறைகள் இல்லாமலில்லை. பூ வாடியவுடன் இலைகளை அறுத்துவிடும் புல்வெட்டி இயந்திரம் டாஃபடிலின் பெரும்பகை. இரண்டு வசந்தம் அப்படி அறுபட்டால் மூன்றாவதில் இலை மட்டுமே வரும், பூ வராது. ஆகையால் தன்னார்வலர்கள் நட்ட இடத்தைப் பூங்கா ஊழியர்கள் அறிந்து மே முடியும்வரை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. மிதிபட்டு இறுகிய மண்ணிலும், கோடையில் குழாய்த்தண்ணீர் தேங்கும் பாத்திகளிலும் கிழங்கு அழுகும். அமெரிக்க மண்ணுக்குரிய செடிகளை நட வேண்டும் என்று வாதிடும் சூழலியலாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: ஐரோப்பியப் பூவான டாஃபடிலின் தோட்ட வகைகளால் அங்குள்ள தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் பெரிதாக உணவு கிடைப்பதில்லை. பூங்காவின் காட்டுப்பகுதிகளை மண்ணின் செடிகளுக்கு விட்டுவிட்டு, மனிதர் நடமாடும் ஓரங்களிலும் தெருக்குழிகளிலும் டாஃபடிலை நடுவது இதற்கு நல்ல தீர்வு.

இதைவிடக் கடினமான கேள்வி உழைப்பைப் பற்றியது. சம்பளத் தோட்டக்காரர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக மக்கள் செய்தால், நகராட்சி அதைச் சாக்காக வைத்து ஆட்களைக் குறைத்துவிடாதா? 1970களில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பு. இதில் நியூயார்க்கர்ஸ் ஃபார் பார்க்ஸ் எடுத்த நிலை தெளிவானது. கிழங்கு விநியோகிக்கும் அதே அமைப்பு, நகர வரவுசெலவில் பூங்காக்களுக்கு ஒரு சதவீதமாவது ஒதுக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் நகர மன்றத்தின் முன் போராடுகிறது. நவம்பரில் முழங்காலிட்டு நட்ட தெருவாசிதான் ஜூனில் வரவுசெலவுக் கூட்டத்துக்கு வந்து தன் பூங்காவுக்காகப் பேசுகிறார். நட்டவர் பார்வையாளராக இருந்த நிலை மாறிப் பங்காளியாகிறார். கிழங்கின் மிகப்பெரிய விளைச்சல் இதுவே என்று கொள்ளலாம்.

நியூயார்க்குக்கு வெளியிலும் இதன் சாயலில் நடவுகள் உருவாயின. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் ஆம் யிஸ்ராயேல் ஹாய் என்ற யூத அமைப்பு, நாஜிகளால் கொல்லப்பட்ட 15 லட்சம் குழந்தைகளின் நினைவாக 15 லட்சம் டாஃபடில் நடுவதை நோக்கமாகக் கொண்டு 2010 முதல் வேலை செய்கிறது. யூதர்கள் அணிய நிர்ப்பந்திக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரத்தின் நிறத்தையும் வடிவத்தையும் அந்தப் பூ நினைவூட்டுகிறது. பிரிட்டனில் ரோட்டரி சங்கங்கள் ஊதா நிறக் குரோக்கஸைப் பொதுப் புல்வெளிகளில் நடுகின்றன. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் விரலில் இடும் ஊதா மையின் நிறம் அது. தமிழ்நாட்டில் போலியோ முகாம் நாட்களில் பிள்ளைகளின் சுண்டுவிரலில் எல்லோரும் பார்த்த அதே மைதான்.

கொரோனாத் தொற்று 2020 வசந்தத்தில் நியூயார்க்கைத் தாக்கியபோது டாஃபடில் பூத்திருந்தது. பூங்காக்களில் மக்கள் இடைவெளி விட்டு நடந்தார்கள். அந்த இலையுதிர்காலம் முதல் தொற்றில் இறந்தவர்களின் நினைவும் நடவோடு சேர்ந்தது. செப்டம்பர் 11க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது நடவுக் குழுக்களில் மிகுதி.